இரண்டாவது பெட்டி

காலை பத்து மணி நாற்பது நிமிடம். நேரம் எனக்குச் சரியாகத் தெரியும், ஏனென்றால் அது இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. மகனிடமிருந்து வந்த அழைப்பு, அரை நிமிடம் கூட இல்லை. "உம்மா, கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால தண்ணி போகுது. நான் வயலுக்குப் போய்..." என்றான். பிறகு ஓர் இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. வயலுக்குப் போகப் போகிறானா, போய்விட்டுத் திரும்பி வருகிறானா என்பது அந்தப் பாதி வசனத்திலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. திருப்பி எடுத்தேன். அவனுடைய கைபேசி இயங்கவில்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளிலும் சொன்னது.

கல்முனையிலிருந்து சவளக்கடைப் பக்கம் போகிறவர்கள் ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய அந்தத் தாம்போதியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் அதன் மேல் ஏறும். ஒவ்வொரு மாரியிலும் யாராவது ஒருவர், முழங்கால் அளவுதானே என்று மோட்டார் சைக்கிளை இறக்குவார். என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவனுடைய வாப்பா அப்படிப்பட்டவர்தான்.

மகன் கலியாணம் முடித்து மூன்று மாதம். எங்கள் ஊர்களில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுடையது. அவளுக்காகக் கட்டியது. மகன் சாய்ந்தமருதுக்குப் போனான். மருமகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வயல் சவளக்கடையில் இருக்கிறது. பெரும்போகத்துக்கு விதைத்துப் பயிர் விரல் நீளம் வளர்ந்திருந்தது. அந்த நேரத்தில் வெள்ளம் நின்றால் பயிர் அழுகிவிடும். வரப்பில் வக்கடையை வெட்டித் தண்ணீரை வெளியே விட வேண்டும். சம்பந்திக்குக் கால் ஏலாது. ஆகவே மகன்தான் போவான்.

தினமும் வயலுக்குப் போகும்போது மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போவான். "போற வழிதானே உம்மா" என்பான். சாய்ந்தமருதிலிருந்து சவளக்கடைக்குப் போகும் வழியில் மருதமுனை இல்லை. அது எதிர்ப்பக்கம். நானும் அதைச் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. அன்று காலை மழை கடுமையாக இருந்ததால் அவன் வரவில்லை. அவனுக்கு ஊற்றி வைத்த தேநீரை மூடி வைத்துவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

வேலை என்றால், அன்று அலுவலகம் அல்ல. நான் பிரதேச செயலகத்தில் உத்தியோகம் பார்க்கிறேன். வெள்ளம் வந்தால் எங்களைப் பாடசாலைகளுக்கு அனுப்புவார்கள், இடம்பெயர்ந்து வருகிறவர்களைப் பதிவு செய்ய. அன்று கல்முனையில் ஒரு பாடசாலையின் ஆறாம் வகுப்பு அறையில், சின்னப் பிள்ளைகளின் மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இருந்தேன். வருகிறவரின் பெயர், எத்தனை பேர், எந்தக் கிராம சேவகர் பிரிவு, யாருக்கு மருந்து வேண்டும் என்று கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். அழைப்பு வந்து அறுந்த பிறகும் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். எதிரில் ஈரத் தலையோடு நிற்கிறவர்களிடம் என்ன சொல்வது?

பதினொன்றரைக்கு மருமகள் அழைத்தாள். "மாமி, அவர் உங்கட ஊட்டுலயா இரிக்கார்?"

"இல்ல புள்ள. இஞ்ச வரல்ல."

அழைப்பு வந்து அறுந்ததை அவளிடம் நான் சொல்லவில்லை. "மழைக்கு எங்கயாச்சும் ஒதுங்கி இரிப்பான்" என்று மட்டும் சொன்னேன். பன்னிரண்டு மணிக்குப் பிறகு எங்கள் பக்கம் எல்லாத் தொலைபேசிகளும் நின்றுவிட்டன.

என் கணவர் வீட்டிலிருந்து வந்து பாடசாலை வாசலில் குடையோடு நின்று விஷயத்தைக் கேட்டார். அவரிடம் எனக்கு மறைக்கத் தெரியாது. கேட்டதும், குடையை என்னிடம் தந்துவிட்டு மோட்டார் சைக்கிளில் தாம்போதிப் பக்கம் போய்விட்டார். மழையில் குடையைத் தந்துவிட்டுப் போகிற மனுசன். அவரைப் பற்றி இப்போது சொல்லாவிட்டால் இந்தக் கதையே விளங்காது.

இருபது வருடத்துக்கு முன், சுனாமியில் கடல் வந்த அந்த மார்கழி மாதக் காலையில், அவர் தன் உம்மாவைப் பார்க்கப் போயிருந்தார். மகனுக்கு அப்போது நாலு வயது. நான் அவனைத் தூக்கிக்கொண்டு வயல் பக்கம் ஓடித் தப்பினேன். மூன்று நாட்கள் கணவரைத் தேடினேன். அப்போது கணினி எல்லாம் இல்லை. ஒவ்வொரு பாடசாலை வாசலிலும் கொப்பித் தாள்களில், ஊர் ஊராகப் பிரித்து, பெயர்களை எழுதி ஒட்டியிருப்பார்கள். எங்கள் பிரிவின் பெயர் போட்ட தாள்களை எல்லாம் பார்த்தேன். மருதமுனை, எங்கள் தெரு, எங்கள் வீட்டு இலக்கம். அவர் இல்லை. மூன்றாம் நாள், நான் பார்க்காமல் விட்ட ஒரு தாளில் இருந்தார், இன்னொரு ஊரின் பெயருக்குக் கீழே. எழுதியவர் முகவரி கேட்டபோது, அடையாள அட்டையில் இருந்ததைச் சொல்லியிருக்கிறார். அட்டையில் அவருடைய உம்மாவின் வீடு. கலியாணம் முடித்து ஆறு வருடமாகியும் மாற்றவில்லை. எங்கள் ஊரில் எந்த ஆம்பிளைதான் மாற்றியிருந்தார்?

அவரைக் கண்டபோது ஒரு வகுப்பறையில் சாய்ந்திருந்தார், கையில் கட்டு. "நான் இஞ்சதானே இரிக்கன்" என்றார். அவ்வளவுதான். அந்த மூன்று நாளை எனக்கு யாரும் திருப்பித் தரவில்லை.

அதற்கு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது. அதில் சில பல்கலைக்கழக மாணவர்கள், நான்கு பழைய கணினிகள், ஒரு ஜெனரேட்டர். காணாமல் போனவர்களையும் முகாம்களில் இருப்பவர்களையும் பதிவதற்கு, அவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் தாங்களே ஒரு மென்பொருள் எழுதியிருந்தார்கள். இரவும் பகலும் இருந்து எழுதியதாம். யாருக்கும் விற்பதற்கல்ல. உள்ளே எழுதியிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம். இதைக் கேட்டபோது, அது ஏதோ உதவிச் சாமான் போல எனக்குப் பட்டது, பால்மா, பாய், போர்வை என்று வந்ததைப் போல. அது வேறு விதமான ஒன்று என்று விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது.

அதைப் பழகுவதற்கு எங்கள் அலுவலகத்திலிருந்து இருவரை விட்டார்கள். நானும், வினாயகபுரத்தைச் சேர்ந்த ஒரு சக உத்தியோகத்தரும். அவர் மீன்பிடிக் குடும்பம். வள்ளமும் வீடும் போய், உடுத்த உடுப்போடு வேலைக்கு வந்தவர். இரண்டு விரலால் மட்டும் தட்டுவார். முதல் இரண்டு நாளும் திரையில் தமிழ் எழுத்துக்கு வெறும் கட்டங்கள்தான் வந்தன. "இது ஆருட பேர் மிஸ்? எல்லாருக்கும் சவர்க்காரக் கட்டிதான் விழுது" என்பார். அந்த நாட்களில் நாங்கள் சிரித்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் சிரித்தோம். ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கதைத்தோம். மத்தியானம் ஒரே பார்சல் சோற்றை மூடியில் பிரித்துச் சாப்பிட்டோம். அவ்வளவு துக்கத்துக்கு நடுவில், ஒரு வேலை சரியாக நடக்கிறது என்ற சந்தோசம் அந்த அறையில் இருந்தது. அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் நான் அதைக் காணவில்லை.

எழுத்து சரியான பிறகுதான் நான் பார்த்தேன், திரையில் வீட்டு விபரம் நிரப்ப ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. முகவரி என்று ஒன்று. மாணவர்களில் ஒருவருக்கு உடைந்த தமிழ் தெரியும். மெலிந்த பொடியன், கண்ணாடி போட்டவர். அவரிடம் சொன்னேன்.

"தம்பி, எங்கட ஊருல ஆம்பிளைக்கு ரெண்டு ஊடு. உம்மாட ஊடு ஒண்டு, பொஞ்சாதிட ஊடு ஒண்டு. கேட்டா எதச் செல்லுவாங்கெண்டு தெரியா. ஒரு பெட்டி வெச்சா ஆளத் தேடிப் பிடிக்க ஏலா."

"எல்லாரும் வைஃப் வீட்டுக்குப் போறதா அக்கா?"

"எல்லாரும்தான்."

"சண்டை வந்தா?"

"சண்டை வந்தா உம்மாட ஊட்டுக்கு வருவாங்க. அதுக்குத்தான் ரெண்டாவது பெட்டி."

வினாயகபுரத்தார் திரும்பியும் பார்க்காமல், "தம்பி, மூணாவது பெட்டியும் ஒண்டு வையுங்க. ரெண்டு வீட்டாலயும் துரத்தினா பள்ளிவாசல்ல படுக்கிறவங்களுக்கு" என்றார்.

அந்த மாணவர் சிரித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கடிதம் எழுதவில்லை. மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் இரண்டாவது பெட்டி வந்துவிட்டது. மேலே 'வசிக்கும் வீடு'. கீழே 'தாய் வீடு'. தமிழில் அந்தப் பெயர்களை நான்தான் தட்டிக் கொடுத்தேன். அரசாங்க வேலையில் நான் கேட்ட ஒன்று மறுநாளே நடந்தது அந்த ஒரு தடவைதான். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெட்டியால் பதினொரு ஆம்பிளைகளை அவர்களுடைய குடும்பங்களோடு சேர்த்தோம். எண்ணிக்கை நினைவிருப்பதற்குக் காரணம், வினாயகபுரத்தார் சுவரில் கோடு கீறிக்கொண்டு வந்தார்.

போகும்போது அந்த மாணவர் ஒன்று சொன்னார். "அக்கா, இது எல்லாரிட சாமான். நீங்க கேட்டது இனி இதிலயே இருக்கும்." சில வருடங்கள் கழித்து அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு நாட்டில் வெள்ளம் வந்தபோது இதையே பாவித்தார்களாம். அங்கேயும் ஒரு பகுதியில் மாப்பிள்ளைமார் பெண் வீட்டில் இருப்பார்களாம். பெட்டி தயாராக இருந்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டார்களாம். அந்த மின்னஞ்சலை அச்சிட்டு அலுமாரிக்குள் வைத்தேன். யாருக்கும் காட்டவில்லை. காட்டினால், ஒரு பெட்டிக்கா இவ்வளவு என்பார்கள்.

இடையில் எங்கள் அலுவலகத்துக்கு வேறொரு மென்பொருள் வந்தது, ஒரு கம்பனியிலிருந்து. அழகாக இருந்தது. நிறம் நிறமாகத் திறக்கும். வீட்டுக்கு ஒரு பெட்டி. நான் எழுதிக் கேட்டேன். அடுத்த பதிப்பில் கவனிப்போம் என்று பதில் வந்தது. அடுத்த பதிப்பு வரவில்லை. இணையம் இல்லாவிட்டால் அது திறக்கவும் திறக்காது. ஒரு மாரிக்கு மின்சாரம் போய், வாசலில் நூறு பேர் நிற்க, நாங்கள் மீண்டும் கொப்பித் தாளில் எழுதினோம். அன்றைக்கு வினாயகபுரத்தார் தன் சொந்த மடிக்கணினியைக் கொண்டு வந்து வைத்தார். பழையதை அவர் அழிக்கவே இல்லை. "சும்மா கிடந்தது மிஸ். சோறா கேட்டது?" என்றார். அதற்குப் பிறகு வெள்ளத்துக்கு அதுதான். எந்தப் பழைய கணினியிலும் ஏற்றலாம். இணையம் இல்லாமல் பதியலாம். பிறகு ஒரு முகாமின் பட்டியலை இன்னொன்றோடு சேர்க்கலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பாடசாலைகளுக்கும் நாங்களே பிரதி எடுத்துக் கொடுத்திருந்தோம்.

அதனால்தான், மகனின் அழைப்பு அறுந்த அன்று பிற்பகல் இரண்டரைக்கு, உணவுப் பொதி கொண்டுபோன படகு திரும்பி வந்தபோது, ஒரு ஷொப்பிங் பேக்கில் முடிச்சுப் போட்டு ஒரு பென் டிரைவும் வந்தது. சவளக்கடைப் பாடசாலை அதிபர் கொடுத்தனுப்பிய அவர்களுடைய பட்டியல். அதோடு படகுக்காரர் ஒரு செய்தியும் கொண்டு வந்தார். தாம்போதிக்குக் கீழே, பற்றைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் கிடக்கிறது. கறுப்பு நிறம்.

மகனுடையது கறுப்பு.

அன்றும் என்னோடு வேலையில் இருந்த வினாயகபுரத்தார் பட்டியலைச் சேர்த்துக்கொண்டிருந்த நிமிடங்களில் நான் ஸலவாத்து ஓதினேன். முடிந்ததும் அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். மகனின் பெயரை மட்டும் தட்டினால் திரை நிறைய வரும். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு அதே பெயர். அடையாள அட்டை இலக்கத்தைத் தட்டினேன். இல்லை. அட்டையை மருமகள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பான், வயலுக்கு யார் அட்டை கொண்டு போவார்? ஆகவே பெயரையும், வசிக்கும் வீடு என்ற பெட்டியில் எங்கள் பிரிவையும் போட்டுத் தேடினேன். மருதமுனை. பதிவு எதுவும் இல்லை என்று வந்தது.

மீண்டும் தேடினேன். எங்கள் பிரிவை அப்படியே விட்டுப் பெயரின் முதற் பாதியை மட்டும் போட்டேன். பின் பாதியை மட்டும் போட்டேன். அதே மேல் பெட்டியில் தெருப் பெயரைப் போட்டேன், வீட்டு இலக்கத்தைப் போட்டேன். பதிவு எதுவும் இல்லை. பதிவு எதுவும் இல்லை. அந்த வசனத்தையும் இருபது வருடத்துக்கு முன்னர் நான்தான் தமிழில் தட்டிக் கொடுத்தேன்.

எவ்வளவு நேரம் அப்படித் தேடினேன் என்று தெரியவில்லை. பதிய வந்த ஒரு பெண் பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். எனக்கு அந்தப் பற்றையும் மோட்டார் சைக்கிளும்தான் கண்ணில் நின்றன. நாலு வயதில் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது என் தோளைக் கடித்துப் பிடித்திருந்தான். அந்த இடம் வலித்தது. உண்மையாகவே வலித்தது. இப்போதும் சில நேரம் வலிக்கிறது.

வினாயகபுரத்தார் என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"மிஸ், எங்க தேடுறீங்க?"

"மருதமுனையிலதான். வேற எங்க தேடுற?"

அவர் இருபது வருடம் என்னோடு வேலை செய்தவர். எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர். மெதுவாக, "மகன் கலியாணம் முடிச்சுப் போயிட்டாரே மிஸ். புரியாணிக்கு நான் வந்தனானே" என்றார்.

என் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

அவனுக்குக் கலியாணம் செய்து வைத்தவள் நான். சாய்ந்தமருதில் அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவள் நான். இரண்டாவது பெட்டியைக் கேட்டு வாங்கியவளும் நான். ஆனால் அவனைத் தேட வேண்டி வந்தபோது, என் வீட்டில்தான் தேடினேன். அவன் தினமும் காலையில் வந்து தேநீர் குடித்ததில், அவன் போகவே இல்லை என்று எனக்குள் எங்கேயோ ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

எங்கள் பிரிவை மேல் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுக் கீழ்ப் பெட்டியில், தாய் வீடு என்ற இடத்தில், வினாயகபுரத்தார்தான் இரண்டு விரலால் தட்டினார்.

ஒரு பதிவு வந்தது.

பெயர். வயது. வசிக்கும் வீடு, சாய்ந்தமருது. தாய் வீடு, மருதமுனை, எங்கள் தெரு, எங்கள் இலக்கம். முகாம், சவளக்கடைப் பாடசாலை. நேரம், பகல் பன்னிரண்டு பத்து. உடல்நிலை, நலம். குறிப்பு என்ற இடத்தில் யாரோ அந்தப் பக்கத்து ஆசிரியர் தட்டியிருந்தார்: 'கைபேசி நனைந்துவிட்டது. உம்மாவுக்கு அறிவிக்கவும்.'

நான் அழவில்லை. அந்தத் திரையைத் தொட்டுப் பார்த்தேன், எங்கள் வீட்டு இலக்கம் இருந்த இடத்தில். வினாயகபுரத்தார் சுண்ணாம்புக் கட்டி ஒன்றை எடுத்துப் போய்க் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கோடு கீறினார். "அண்டைக்குப் பதினொண்டு, இது பன்னெண்டு" என்றார். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "வாங்க, அடுத்த ஆள்" என்றார்.

பற்றைக்குள் கிடந்த மோட்டார் சைக்கிள் வேறொருவருடையது. மகன் தன்னுடையதைச் சவளக்கடைப் பாடசாலையில் விட்டிருந்தான். அவரும் அந்தப் பக்கம் நீந்திக் கரையேறிவிட்டார் என்று பிறகு அறிந்தோம். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகை நெருங்கும் வரை அந்த மேசையிலேயே இருந்து பெயர்களைப் பதிந்தேன். ஒவ்வொரு ஆம்பிளையிடமும் இரண்டு வீட்டையும் கேட்டேன். அலுத்துக்கொண்டவர்களிடமும் விடாமல் கேட்டேன். ஒரு வயதான மனுசன், "உம்மா மவுத்தாகி நாப்பது வருசம், அந்த ஊட்ட இப்ப என்னத்துக்குக் கேக்கிற?" என்றார். "செல்லுங்க வாப்பா" என்றேன். சொன்னார். வீட்டு வாசலில் நின்ற மரத்தையும் சேர்த்துச் சொன்னார்.

வெளிச்சம் மங்கிய நேரம் கடைசிப் படகு வந்தது. தாம்போதியடியில் காத்து நின்ற என் கணவர் முழுக்க நனைந்து, அதில் வந்த மகனைத் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு பாடசாலை வாசலில் வந்து நின்றார். மகனின் காலில் செருப்பு இல்லை. முழங்கால் வரை வயல் சேறு. யாரோ கொடுத்த பெரிய சட்டை ஒன்று போட்டிருந்தான். நான் எழுந்து போனேன். அவன் என் தோளில் கை வைத்தான், அந்த இடத்தில்தான்.

"உம்மா, நான் முதல் அங்க ஊட்டுக்குப் போயிட்டு வாறன். அவ பயந்துபோய் இரிப்பா" என்றான். பிறகு, "நீங்க தேத்தண்ணி ஊத்தி வெய்ங்க. இண்டைக்குக் காலத்தால குடிக்கல்லயே."